டப்பாவின் முதுகைத் திருப்பிப் பாருங்கள்

போன இதழில் வேறு ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "கடையில் விற்கும் பாதாம் பாலில் பாதாம் இருப்பது பெயருக்குத்தான்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்தப் பதிலைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஒரு வரிக்குத்தான் கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேருக்குக் கோபம், மீதிப் பேருக்குச் சந்தேகம். அதனால் இந்த இதழ் முழுக்கத் தாவரப் பால்தான்.

"மூன்று வருடமாகக் காலையும் மாலையும் பாதாம் பால் குடிக்கிறேன். பசும்பாலைவிட உசத்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் வரியைப் படித்ததிலிருந்து ஒவ்வொரு வாயும் உறுத்துகிறது. நான் ஏமாந்துவிட்டேனா?"
– கோபமும் சந்தேகமும் சரிபாதியாக உள்ள ஒரு வாசகி

உங்களோடு சேர்ந்து நானும் ஏமாந்தவள்தான். இருபது வருடத்துக்கு மேலாக உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். நாற்பத்தைந்து வயதில் பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனபோது, ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற நானே பாதாம் பாலுக்கு மாறி, ஏறக்குறைய ஒரு வருடம் எதையும் படித்துப் பார்க்காமல் குடித்தேன். டப்பாவின் முகத்தில் பாதாம் குவியல் படம் இருந்தது. அது போதும் என்று இருந்துவிட்டேன்.

ஒருநாள் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். பாதாம் 2.5 சதவீதம் என்று இருந்தது. அப்படியானால் ஒரு லிட்டரில் 25 கிராம். சமையலறைத் தராசை எடுத்து 25 கிராம் பாதாமை நிறுத்தேன். இருபத்தொரு பருப்பு வந்தது. நான் குடிக்கும் 200 மில்லி தம்ளருக்குப் பங்கு போட்டால் நாலு பருப்பு. நாலே நாலு! மீதியெல்லாம் தண்ணீர், சிட்டிகை உப்பு, பார்வைக்குப் பால்போல இருக்கட்டும் என்று ஜெல்லன் மாதிரி ஒரு பசை. அந்த நாலு பருப்பில் 1 கிராம் புரதம் கிடைக்கும். அதே தம்ளரில் பசும்பால் இருந்தால் ஏறக்குறைய 7 கிராம்.

பால் நமக்கு நாலு வேலை செய்துகொண்டிருந்தது. புரதம் கொடுத்தது, கால்சியம் கொடுத்தது, பி12 வைட்டமின் கொடுத்தது, காபியை வெளுக்க வைத்தது. பாதாம் பால் தன்னால் ஒழுங்காகச் செய்வது நாலாவது வேலையைத்தான். கால்சியமும் பி12-ம் தயாரிப்பவர் சேர்த்திருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

அதற்காக இன்றைக்கே கொட்டிவிடாதீர்கள். பருப்பு, பயறு, முட்டை என்று புரதம் வேறு வழியில் உங்களுக்குப் போதுமான அளவு வருகிறதென்றால், சர்க்கரை சேர்க்காத பாதாம் பால் லேசான நல்ல பானம். ஒரு தம்ளரில் 30 கலோரிகூட வராது. கொழுப்பு நீக்காத பசும்பாலில் 120-க்கு மேல். எடையைக் குறைக்க நினைப்பவர்களுக்கு அது லாபம். பாலுக்குப் பதிலாக அது புரதம் தரும் என்று நம்பியிருந்தால் மட்டும்தான் நஷ்டம்.

"லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையில் போய் நின்றால் சோயா, ஓட்ஸ், முந்திரி, தேங்காய், அரிசி, பட்டாணி என்று ஒரு சுவர் முழுக்க அடுக்கி வைத்திருக்கிறார்கள். எது பாலுக்கு மிக அருகில் வருகிறது? ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள்."
– சுவர் முன்னால் நிற்கும் வாசகர்

ஒன்றே ஒன்று என்றால் சோயா. சர்க்கரை சேர்க்காதது, கால்சியம் சேர்த்தது. 100 மில்லிக்கு 3 கிராமை ஒட்டிப் புரதம் இருக்கிறது. உடம்புக்கு உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டிய அமினோ அமிலங்கள் எல்லாம் அதில் உண்டு. அமெரிக்க அரசின் 2020–2025 உணவு வழிகாட்டுதல்கள் பால் வகையறாவுக்குள் சேர்த்துக்கொண்ட ஒரே தாவரப் பானம், சத்துச் சேர்த்த சோயா பால்தான். அதற்கு அடுத்து பட்டாணிப் புரதத்தில் செய்தது. புரதக் கணக்கில் சோயாவுக்குக் குறைந்ததில்லை, சோயா வாசனை பிடிக்காதவர்கள் அதற்குப் போகலாம். முந்திரி, ஏறக்குறைய பாதாம் கதை. தேங்காய்ப் பால் பானத்தில் புரதம் இல்லாத குறை. இருக்கிற கொழுப்பும் நிறைவுற்ற கொழுப்பு. அரிசிப் பால் சர்க்கரைத் தண்ணீருக்குப் பக்கத்து வீடு.

ஆனால் ஒரு நிமிடம். டாக்டர் சொன்னது லாக்டோஸ் ஒவ்வாமல் போவதா, பால் அலர்ஜியா? இரண்டும் வேறு. முன்னது பால் சர்க்கரை செரிக்காத வயிற்றுப் பிரச்சினை. வயதுக்கு வந்தவர்களில் உலகம் முழுவதும் பெரும்பான்மையினருக்கு அந்தச் செரிமானம் குறைந்துதான் போகிறது. அவர்களிலும் பலர் சாப்பாட்டோடு சேர்த்துக் கொஞ்சமாகக் குடித்தால் தாங்கிக்கொள்வார்கள். தயிர் ஒத்துக்கொள்ளும். லாக்டோஸ் நீக்கிய பசும்பாலும் இருக்கிறது. லாக்டேஸ் என்ற நொதியைச் சேர்த்து அந்தச் சர்க்கரையை முன்கூட்டியே உடைத்துவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் தித்திப்பாக இருக்கும். புரதம், கால்சியம் எதுவும் குறையாது. நீங்கள் அந்தச் சுவரை விட்டுப் பக்கத்து அலமாரிக்குப் போனாலே வேலை முடிந்துவிடலாம். அலர்ஜி என்பது வேறு சங்கதி, அது பால் புரதத்தின் மேல் உடம்பு தொடுக்கும் சண்டை. ஒரு சொட்டுக்கூடக் கூடாது, லாக்டோஸ் நீக்கியதும் கூடாது, ஆட்டுப் பாலும் உதவாது.

சரி, சோயாவையே எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டப்பாவைத் திருப்புங்கள். 100 மில்லிக்குப் புரதம் 3 கிராம் பக்கத்தில் இருக்கிறதா, கால்சியம் 120 மில்லிகிராம் இருக்கிறதா (பசும்பாலில் உள்ள அளவு அது), சர்க்கரை எவ்வளவு, பி12-ம் டி-யும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அயோடினும் இருந்தால் அதிர்ஷ்டம், பலரும் அதைச் சேர்ப்பதில்லை. 'ஆர்கானிக்' என்ற சொல்லைக் கண்டு மயங்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆர்கானிக் முத்திரையுள்ள தாவரப் பானத்தில் கால்சியம் சேர்க்க அனுமதி இல்லை. கால்சியம் நிறைந்த கடற்பாசித் தூளைச் சேர்த்து ஒரு நிறுவனம் வழி தேடியது; அதுவும் கூடாது என்று 2021-ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆக, அங்கே விலை கூடுதலான டப்பாவில் எலும்புக்கு உதவுவது குறைவு.

இன்னொன்று, குலுக்குங்கள். ஒப்புக்கு ஓர் ஆட்டு ஆட்டுவதைச் சொல்லவில்லை, கை வலிக்கக் குலுக்க வேண்டும். ஒருமுறை தீர்ந்துபோன சோயா பால் டப்பாவைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்தேன். அடியில், சுண்ணாம்பு கரைத்த வாளியில் தங்குமே, அப்படி ஒரு வெள்ளை வண்டல். விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்று இருந்தது. ஒரு வாரமாக நான் குடித்ததாக நினைத்துக்கொண்டிருந்த கால்சியத்தில் ஒரு பங்கு அங்கே உட்கார்ந்திருந்தது.

"பதினேழு வயது மகன் உடற்பயிற்சிக்காக சோயா பால் குடிக்கிறான். ஆண் பிள்ளைகள் குடித்தால் பெண் தன்மை வந்துவிடும் என்கிறார்களே?"
– கவலையில் ஒரு தாய்

வராது. சோயாவில் ஐசோஃப்ளேவோன் என்ற பொருள் இருக்கிறது. அதன் அமைப்பு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்குச் சற்று ஒத்துப்போவதால் கிளம்பிய பயம் இது. ஆண்களிடம் செய்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவு மாறவில்லை. ஒன்றிரண்டு தம்ளர் தாராளமாகக் குடிக்கட்டும்.

சோயாவில் நிஜமாகவே கவனிக்க வேண்டியது, வீட்டில் யாராவது தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார்களா என்பது. சோயாவும் சரி, டப்பாவில் சேர்த்திருக்கும் கால்சியமும் சரி, அந்த மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும். மாத்திரை போட்டு நாலு மணி நேரம் கழித்துக் குடிப்பது நல்லது. மாத்திரையை விழுங்கிய கையோடு சோயா காபி குடித்துவிட்டு, "டோஸ் ஏறிக்கொண்டே போகிறது" என்று வருத்தப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

"எனக்குச் சர்க்கரை நோய். ஓட்ஸ் நல்லது என்பதால் ஓட்ஸ் பால் வாங்கினேன். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று முகப்பில் போட்டிருக்கிறார்கள். பின்னால் பார்த்தால் 100 மில்லியில் 4 கிராம் சர்க்கரை என்கிறது. எது பொய்?"
– முதுகைப் பார்க்கத் தெரிந்த வாசகர்

இரண்டும் நிஜம், அதுதான் வேடிக்கை. ஓட்ஸை வெறுமனே அரைத்தால் மாவுத் தண்ணீர்தான் கிடைக்கும். அதைச் சூடாக்கினால் பசையாகிவிடும். வீட்டில் நான் அரைத்த ஓட்ஸ் பாலைத் தேநீரில் ஊற்றிக் கொதிக்க வைத்து, கடைசியில் கரண்டியால் வழித்துச் சாப்பிட்ட நாள் ஒன்று உண்டு. இதைச் சமாளிக்க 1990-களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிக்கார்ட் ஓஸ்டே, நொதிகளைக் கொண்டு ஓட்ஸின் மாவுச்சத்தை உடைக்கும் வழியைக் கொண்டுவந்தார். இன்றைய ஓட்ஸ் பால் எல்லாம் அந்தத் தடத்தில் வந்ததுதான். மாவுச்சத்து உடைந்தால் மால்டோஸ் என்ற சர்க்கரை உண்டாகும். வெந்த ஓட்ஸை ஒரு வாய் எடுத்து விழுங்காமல் இரண்டு நிமிடம் மென்றுகொண்டே இருங்கள், தித்திக்க ஆரம்பிக்கும். நம் எச்சிலில் இருக்கும் நொதி செய்யும் அதே வேலையைத் தொழிற்சாலையில் தொட்டி அளவில் செய்கிறார்கள். யாரும் வெளியிலிருந்து சர்க்கரை போடவில்லை. ஆனால் சர்க்கரை இருக்கிறது, அதுவும் ரத்தத்தில் சீக்கிரம் ஏறக்கூடிய சர்க்கரை.

ஓட்ஸ் கஞ்சியின் நல்ல பெயரை ஓட்ஸ் பாலுக்குக் கொடுத்துவிடாதீர்கள். பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து கொஞ்சம் அதிலும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. காபிக்கு இரண்டு கரண்டி என்றால் பயப்பட ஒன்றுமில்லை. தம்ளர் தம்ளராகக் குடிப்பதென்றால் நீங்கள் சோயாவுக்கு வந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் குளுக்கோமீட்டர் வீட்டிலேயே இருக்குமே, குடித்த ஒரு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பாருங்கள். என் வார்த்தையைவிட அது தெளிவாகச் சொல்லும்.

"சோயா பாலைக் காபியில் ஊற்றினால் திரிந்து திரிந்து போகிறது. பால் கெட்டுப்போய்விட்டதா?"
– காலைக் காபியை மூன்று முறை கொட்டியவர்

கெடவில்லை. காபியில் புளிப்பு உண்டு, சூடும் உண்டு. இந்த இரண்டும் சேர்ந்து தாக்கினால் சோயாப் புரதம் கட்டிக்கொள்ளும். பாதாமிலும் இது நடக்கும்.

நீங்கள் செய்வதைத் தலைகீழாக்குங்கள். முதலில் பாலை இளஞ்சூடாக்கிக் கோப்பையில் ஊற்றுங்கள். காபியை இறக்கி ஒரு நிமிடம் ஆறவிட்டு, கலக்கிக்கொண்டே மெல்லிய தாரையாக அந்தப் பாலில் விடுங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாலைக் கொதிக்கும் காபியில் கொட்டினால் திரியாமல் என்ன செய்யும்? காபிக்கொட்டையை லேசாக வறுத்தால் புளிப்புத் தூக்கலாக இருக்கும், ஆகவே கருக வறுத்த தூளுக்கு மாறினாலும் பலன் தெரியும். இதற்கும் மசியவில்லையென்றால் 'பாரிஸ்டா' என்று எழுதிய டப்பா வாங்கலாம். அதில் புளிப்பைத் தணிக்கப் பொட்டாசியம் பாஸ்பேட் உப்பும், நுரை நிற்க எண்ணெயும் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அந்த உப்பின் பெயரைக் கண்டால் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

"என் பேத்திக்கு ஒன்பது மாதம். பசும்பால் சளி பிடிக்கும் என்று மருமகள் வீட்டிலேயே பாதாம் பால் அரைத்துக் கொடுக்கிறாள். நான் ஏதாவது சொன்னால் சண்டை வருகிறது."
– பெயர் வேண்டாம் என்ற பாட்டி

அம்மா, இந்தப் பதிலை உங்கள் மருமகளிடம் அப்படியே கொடுங்கள். சண்டை என் தலையில் விழட்டும்.

ஒரு வயது முடியும் வரை பிரதான பானம் தாய்ப்பால்தான், அது முடியாதபோது சிசுக்களுக்கென்றே தயாரித்த பால்மாவு. பாதாம், ஓட்ஸ், அரிசி எதுவும் அந்த இடத்தில் நிற்காது. ஒரு வயதுக்கு முன் பசும்பாலையும் முக்கிய பானமாகக் கொடுப்பதில்லை, அதனால் மருமகள் அதைத் தவிர்த்தது சரி. பதிலுக்கு எடுத்ததுதான் தப்பு. பாதாம் பானத்தையே முக்கிய உணவாகக் கொடுத்து வளர்த்த 11 மாதக் குழந்தை ஒன்றுக்கு வைட்டமின் சி இல்லாமல் ஸ்கர்வி வந்ததை ஸ்பெயின் மருத்துவர்கள் 2016-ல் எழுதியிருக்கிறார்கள். கால் எலும்பு வலியில் அந்தக் குழந்தை காலை அசைக்கவே மறுத்தது. அரிசிப் பானத்தை நம்பி வளர்த்த குழந்தைக்குப் புரதக் குறைவில் உடம்பு வீங்கிய குவாஷியோர்க்கர் வந்த பதிவும் இருக்கிறது. பிரிட்டனில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு அரிசிப் பானமே கொடுக்க வேண்டாம் என்கிறார்கள். அரிசியில் சேரும் ஆர்செனிக் என்ற நச்சுதான் காரணம்.

ஒரு வயதுக்குப் பிறகு பசும்பால் கொடுக்கலாம். அது முடியாதென்றால் கால்சியமும் வைட்டமின்களும் சேர்த்த, இனிப்பில்லாத சோயா பால், அதையும் குழந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு. இப்போது முதல் வேலையாகப் பேத்தியை எடை போட்டுப் பார்த்து டாக்டரிடம் காட்டுங்கள். மருமகள் அக்கறையில்தான் செய்திருக்கிறாள், அதையும் அவளிடம் சொல்லுங்கள்.

"சிறுநீரகக் கல் வந்து போனவன். பாதாம் பால் ஆகுமா?"
– சுருக்கமாகக் கேட்டவர்

கால்சியம் ஆக்சலேட் கல் என்றால் வேண்டாம். பாதாமில் ஆக்சலேட் அதிகம்.

"வீட்டிலேயே சோயா பால் எடுத்தால் பச்சை வாசனை வருகிறது. பிள்ளைகள் தொடுவதில்லை."
– அரைத்து ஓய்ந்த வாசகி

அந்த வாசனைக்குக் காரணம் லிப்பாக்ஸிஜனேஸ் என்ற நொதி. பயறு உடைந்து தண்ணீர் பட்டதும் அது கொழுப்பைப் பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்தால் அதற்குக் கொண்டாட்டம். சூட்டில்தான் அது சாகும். இரவு முழுக்க ஊறிய பயற்றைத் தண்ணீர் வடித்து, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் வையுங்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள், புதிய வெந்நீர் விட்டே அரையுங்கள். மிக்ஸி ஜாரை அரைப்பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம், மூடியைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பிடிக்காமல் விட்டதில் கூரைவரை சோயா.

வடிகட்டிய பிறகு கட்டாயம் இன்னொரு முறை காய்ச்ச வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சோயா பால் சட்டென்று பொங்கி மேலே வரும், கொதித்துவிட்டது என்று இறக்கிவிடுவார்கள். அது நுரை மட்டும்தான். தீயைக் குறைத்து, கிண்டிக்கொண்டே பத்துப் பதினைந்து நிமிடம் நிஜமாகக் கொதிக்க விடுங்கள். பச்சை சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, சரியாக வேகாமல் குடித்தால் வயிறு புரட்டும். அப்புறம், வீட்டுப் பாலில் சேர்த்த கால்சியமும் பி12-ம் கிடையாது. அதை வேறு வழியில் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று நாளைக்கு மேல் வைக்காதீர்கள்.

"ஆரோக்கியம் இருக்கட்டும். பூமிக்கு எது நல்லது? பாதாமுக்குத் தண்ணீர் ஏராளமாகச் செலவாகிறது என்கிறார்களே."
– கல்லூரி மாணவர்

ஆமாம், செலவாகிறது. ஆனால் பசும்பாலுக்கு அதைவிட அதிகம். ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் இருவரும் 2018-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வுக் கணக்கின்படி, ஒரு லிட்டர் பசும்பாலுக்கு 628 லிட்டர் தண்ணீர், பாதாமுக்கு 371, அரிசிக்கு 270, ஓட்ஸுக்கு 48, சோயாவுக்கு 28. பசும்பால் லிட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் பசுங்குடில் வாயு; மற்றவை எல்லாம் ஒரு கிலோவை ஒட்டியே. பாதாமில் இன்னொரு சங்கடம், உலகப் பாதாமில் ஏறக்குறைய எண்பது சதவீதம் கலிபோர்னியா என்ற ஒரே இடத்தில், வறட்சி வந்து வந்து போகும் மண்ணில் விளைகிறது.

எனக்கு இந்தப் பட்டியலில் ஒரு குறை உண்டு. லிட்டருக்கு லிட்டர் ஒப்பிடுகிறார்கள். பசும்பாலில் உள்ள புரதத்துக்கு ஈடாக வேண்டுமென்றால் பாதாம் பாலை ஏழு தம்ளர் குடிக்க வேண்டும். தண்ணீர்க் கணக்கை ஏழால் பெருக்கிப் பாருங்கள். சோயா அந்தக் கணக்கிலும் தோற்காது. காடழிப்பைக் காட்டி சோயாவைத் திட்டுபவர்களுக்கு: உலகில் விளையும் சோயாவில் பெரும்பகுதி கால்நடைத் தீவனத்துக்குப் போகிறது, டப்பாவுக்குள் வருவது சொற்பம்.

"மாடே இல்லாமல் வந்ததைப் 'பால்' என்று எழுதுகிறீர்களே, நியாயமா?"
– கேலியாகக் கேட்டவர்

ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் உங்கள் கட்சி. சோயாவை விற்கும்போது பால் என்று பெயர் போடக் கூடாது என்று 2017-ல் சொல்லிவிட்டது. ஆனால் தேங்காய்ப் பால் போன்ற சிலவற்றுக்குப் பழைய வழக்கம் என்று விலக்கு இருக்கிறது. தமிழில் அந்த வழக்கு நிற்காது. மரத்தைக் கீறினால் வடிவதும் நமக்குப் பால்தான், முற்றாத கதிரிலும் பால் பிடிக்கிறது. இதற்கெல்லாம் நாம் எந்த மாட்டைக் கேட்டோம்?